வெட்டியெடுத்த பதினொரு விநாடி

2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள், வியாழக்கிழமை. சிலோயே தீவில் விடியற்காலையில் தொடங்கிய மழை நண்பகல் கடந்தும் விடவில்லை. வடக்கிலிருந்து வீசிய காற்று அதனைச் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாய்க் கிடந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, லின்வே என்னும் சிற்றூரில், எல்சீரா தன் சமையலறை மேசையின் முன் அமர்ந்து, மூன்று நிமிடப் படம் ஒன்றிலிருந்து பதினொரு விநாடிகளை வெட்டியெடுத்தாள். வெட்டுவதற்கு முன் அப்படத்தின் கோப்பு இருபத்து நான்கு மெகாபைட் இருந்தது. வெட்டி, மீண்டும் சுருக்கிய பின் அது இருபத்தாறு ஆயிற்று.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையின் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இருபத்தாறு.

எல்சீராவுக்கு வயது நாற்பத்தொன்பது. இருபது ஆண்டுகளாக ஊர்ப் பள்ளியில் மதிய உணவு சமைப்பவள். நூலகத்தில் நடந்த வகுப்பில் சேரும்வரை கணினியைத் தொட்டதில்லை. ஐந்து மாதங்களாக, ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறாமல், கட்டம் போட்ட குறிப்பேட்டுடன் சென்று, படங்களை வெட்டவும் ஒட்டவும் வலைத்தளத்துக்கு ஏற்றவாறு சுருக்கவும் கற்றாள். ஆசிரியர் சொன்னவற்றையெல்லாம் விதி ஒன்று, விதி இரண்டு என்று எண்ணிட்டு எழுதினாள். அந்தக் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

ஏழாம் விதி, பெருநிலத்திலிருந்து படகேறி வந்து பாடம் நடத்தும் லெயாந்த்ரோ என்னும் இளைஞர் சொன்னது. "கம்ப்யூட்டர் ஒரு சோம்பேறி, தோன்யா எல்சீரா. அசையறத மட்டும்தான் புதுசா வரையும். அசையாதத முன்னாடி படத்துல இருந்து அப்படியே எடுத்து ஒட்டிக்கும். அதனால எடை எல்லாம் அசைவுக்குத்தான்." சுவர் எடையற்றது, கடல் கனமானது, எல்லாவற்றிலும் கனமானது மழை, ஏனெனில் அதன் ஒவ்வொரு துளியும் அசைகிறது என்றும் அவர் விளக்கியிருந்தார்.

தீவின் சிற்றூர்களில் இணையம் ஊர்ந்து செல்வதால், படம் இருபது மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. வகுப்பிலிருந்து ஒரே ஒரு படம் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில நூலகப் பக்கத்தில் வெளிவரும். அதனை எடுத்தவர் வல்திவியா நகருக்குச் சென்று மேடையேறிப் பேசுவார். படத்தில் எடுத்தவராக ஒரே ஒருவர் பெயர்தான் இருக்கலாம். இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அவள் வெட்டியெடுத்த அந்தப் பதினொரு விநாடிகளில் இருந்தது மிர்த்தாவின் முகம்.

மிர்த்தா சரிவுக்குக் கீழே குடியிருப்பவள். அவளுடைய மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் எல்சீரா. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றே அழைத்துக்கொள்வர். தனியே போகக் கூச்சப்பட்டு, வகுப்புக்கு மிர்த்தாவை இழுத்துச் சென்றவளும் எல்சீராதான். மிர்த்தா ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. பாடத்தின் நடுவே மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வைப்பாள். பின்னர் கேமராவைக் கையில் எடுப்பாள். எடுத்தது எதுவும் பழுதாகாது.

மார்ச் மாதக் கடைசியில், கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததனால், எல்சீராவின் வீட்டை மேட்டு நிலத்துக்கு இழுக்க நேர்ந்தது. அடியில் உருளை மரங்களைக் கொடுத்து, எட்டு இணை எருதுகளைப் பூட்டி, ஊரே கூடி இழுத்தது. இருவரும் அதனையே படமாக எடுத்தனர். எருதுகளையும் கயிறுகளையும் வீட்டின் வெளிப்புறத்தையும் மிர்த்தா எடுத்தாள். ஆனால் இழுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை எல்சீரா எடுத்தாள், ஏனெனில் அதைச் செய்தவள் மிர்த்தா.

வீட்டை இழுக்கும் முன் உள்ளே இருப்பவர்களை வெளியே அழைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் யார் என்று லின்வேயில் எவரும் கேட்பதில்லை. சட்டி பானைகளையும் கட்டில்களையும் வெளியேற்றிய பின், வேறு வீட்டுப் பெண் ஒருத்தி வாசற்படியில் நின்று மூன்று முறை கூப்பிடுவாள். வீட்டுக்காரி கூப்பிடலாகாது. எல்சீராவின் கணவன் நொல்பெர்த்தோ அன்று எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்லிச் சிரித்தான். "இவ கூப்பிட்டா சாப்பாட்டுக்குன்னு நெனச்சு எல்லாம் வந்து மேசையில உட்கார்ந்துரும். மிர்த்தா, நீ கூப்பிடு. உன் குரல் நல்லாருக்கு."

உன் குரல் நல்லாருக்கு. எல்சீரா கேமராவின் பின்னே நின்று அதைக் கேட்டாள்.

கடந்த செவ்வாயன்று வகுப்பில் படத்தைத் திரையிட்டபோது, லெயாந்த்ரோ அந்த இடத்தில் நிறுத்தினார். நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றி, இருட்டை நோக்கி மிர்த்தா கூப்பிடுகிறாள். அதை அவர் நான்கு முறை ஓட்டினார். "இதுதான் படம். இந்த முகம், இந்தக் குரல். மத்ததெல்லாம் இதுக்குப் பின்னால வர்றதுதான்" என்றார். கடைசி வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அக்காட்சியில் கேமராவைப் பிடித்திருந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது மிர்த்தா எல்சீராவின் தோளைத் தொட்டு, "உன் பேரையே போட்டுக்கோ, கொமாத்ரே. எனக்கு வல்திவியாவுல என்ன வேலை?" என்றாள். சண்டையிட்டுக் கேட்டிருந்தால் பொறுத்திருக்கலாம். வேண்டாததைத் தூக்கிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு இரவுகள் எல்சீரா அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தன் பெயரில் வெளிவந்தாலும், பார்ப்பவர் எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தக் குரலைத்தான் கேட்பார்கள்.

ஆகவே வெட்டினாள். யாரும் திரும்பச் சேர்க்கச் சொல்லலாகாது என்பதற்காக, வெட்டிய துண்டின் மூலக் கோப்பையும் அழித்தாள். கேமராவின் நினைவக அட்டையில் இருந்ததையும் அழித்தாள். குறிப்பேட்டில், ஆசிரியர் கேட்டால் காட்டுவதற்காக, அழகிய கையெழுத்தில் எழுதி வைத்தாள்: மழை, எடை அதிகம்.

மழை போய்விட்டது. எடை ஏறியிருந்தது.

தரத்தை ஒரு படி இறக்கி மீண்டும் சுருக்கினாள். அரை மணி நேரம் மடிக்கணினி முனகியது. அடுப்பில் விறகு சரிந்தது. கூரையின் மரச்சில்லுகள்மீது மழை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தது. விளைவு முப்பத்தொன்று.

பதினான்காம் விதியின்படி, பிழை புலப்படாதபோது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எடை போட வேண்டும். எருதுகள் நான்கு மெகாபைட். கயிறுகள் இரண்டரை. கூட்டம் மூன்று. அடுத்து வந்தது மிர்த்தாவைத் தொடர்ந்த துண்டு: இழுக்கத் தொடங்குமுன் முற்றத்திலிருந்து எடுத்த, ஆளரவமற்ற வீடு. அதற்குள் மழை நின்றிருந்தது. கேமரா தாங்கியின்மேல் ஆடாமல் இருந்தது. ஒன்பது விநாடிகள், அசைவென்று எதுவுமே இல்லை. அரை மெகாபைட்கூட இருக்க நியாயமில்லை.

பதினேழு இருந்தது.

அவள் அதை ஓட்டிப் பார்த்தாள். வீடு, புல், சாம்பல் வானம், சமையலறையின் சன்னல். ஒன்பது விநாடிகள் கழிந்தன, ஒன்றும் இல்லை. மெதுவாக்கி ஓட்டினாள். சன்னலின் இருட்டு, வாளியில் தூக்கிச் செல்லும் நீரைப்போல, மிக மெல்லத் தளும்பியது.

அதைத் தெளிவாகக் காண அவள் விரும்பினாளா என்பது அவளுக்கே தெரியாது. கை பழகிய வேலையைச் செய்தது. தரத்தைக் குறைத்தாள். புல் பச்சைக் கட்டங்களாயிற்று. மேலும் குறைத்தாள். சுவரின் மரச்சில்லுகள் கரைந்து ஒரே பூச்சாயின. வானம் பட்டை பட்டையாய்ப் பிரிந்தது. விதிப்படி சன்னலும் கரைந்திருக்க வேண்டும். அதுவோ தெளிந்துகொண்டே வந்தது. கண்ணாடியைச் சுற்றிப் பூசிய பழைய மக்குப் பசை தெரிந்தது. சட்டத்தில் அறைந்த ஆணியின் துரு தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால், அதனை அழுத்தியபடி, உள்ளங்கைகள் தெரிந்தன. கீழே சில. மேலே சில. ஓர் ஆளின் உயரத்துக்கு எட்டாத இடத்திலும் சில.

ரேகைகள்கூடத் தெரிந்தன.

எல்சீரா தலையை உயர்த்தினாள். அதே சன்னல் மேசைக்கு எதிரே இருந்தது. அடுப்பின் வெம்மையால் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஆவியில் அங்கங்கே வட்ட வட்டமாய்த் தேய்ந்த தடங்கள். எழுந்து சென்று கைக்குட்டையால் துடைத்தாள். தடங்கள் துடைபட்டன. உட்பக்கத்தில் இருந்தவை அவை.

கைப்பேசி ஒலித்தது. மணி நான்கு இருபது. மிர்த்தா.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பப் போறேன்."

"நான் கூப்பிடறது இருக்கில்ல அதுல? என் மக நாலு பேருகிட்ட சொல்லி வெச்சிருக்கா, எங்கம்மா நடிகை ஆயிட்டாங்கன்னு." சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஓர் இனிமை இருந்தது. அதற்காகவும் எல்சீராவுக்கு எரிந்தது.

"இருக்கு."



"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? உருளைக்கிழங்கு துருவி மில்காவ் சுட்டுக்கிட்டிருக்கேன். எடுத்துக்கிட்டு வரட்டா?"

வா என்று சொல்லலாம். வந்து வாசலில் நின்று ஒருமுறை கூப்பிடு, போதும் என்று சொல்லலாம். அவ்வாறு சொன்னால், உன்னை வெட்டிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். மிர்த்தா கோபப்படமாட்டாள். சிரிப்பாள். ஈரத் தலையோடு வாசலில் நின்று கூப்பிடுவாள். படம் மறுபடியும் அவளுடையதாகிவிடும்.

"வேண்டாம். மழையா இருக்கு."

"மழையெல்லாம் நமக்கு என்னிக்குப் புதுசு?"

"வேண்டாம்னா விடேன், கொமாத்ரே."

இணைப்பைத் துண்டித்த பின், எல்சீரா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சிகளின் வரிசையில், வெட்டியெடுத்த இடம் பல் விழுந்த ஈறுபோலத் தெரிந்தது. குறை இன்னதென்று அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தப் படத்தில் உள்ள வீட்டிலிருந்து எவரும் எவரையும் அழைக்கவில்லை. அழைக்காமலே வீடு கிளம்புகிறது. பதினொரு விநாடி போதும். பதினொரு விநாடிக்கு ஒரு முகமும் ஒரு குரலும்.

மிர்த்தாவின் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் குறிப்பேட்டில் இல்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவள் கேமராவை வெளியே எடுத்துச் சென்று, தாழ்வாரத்தின் கீழ், முக்காலியின்மேல் வைத்தாள். தென்கோளத்தில் அது குளிர்காலமாதலால், அதற்குள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. கூரை விளிம்பில் வழிந்த நீரில் தலையை நனைத்துக்கொண்டாள். முடியை நெற்றியில் ஒட்டவிட்டாள். ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றினாள். உள்ளே அடுப்பின் சிவப்பு ஒளியும், மேசையும், சுவரோரம் சாத்திய பெஞ்சுகளும், மாடிக்குச் செல்லும் படிகளும் இருந்தன. அவற்றுக்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"உள்ள இருக்கிறவங்க எல்லாரும் வாங்க. வீடு கெளம்புது."

குரல் தடித்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை, இருபது ஆண்டுப் பழக்கத்தில், பள்ளிக்கூடத்து நடையில் வரிசையாய் நிற்கும் பிள்ளைகளைத் தட்டேந்தி வரச் சொல்லும் அதே இழுப்போடு வந்தது.

"வாங்க, வாங்க. எல்லாரும் வாங்க."

மாடியில் ஒரு பலகை கிறீச்சிட்டது. காற்று என்று கொண்டாள்.

அந்தத் துண்டை ஏற்றினாள். வெட்டிய இடத்தில் பொருத்தினாள். முகம் நன்றாகவே இருந்தது. மிர்த்தாவினுடையதைவிட நன்றாக இருந்தது என்றே அவளுக்குத் தோன்றியது. இறுதியில் எழுத்துகளை இட்டாள்: எல்சீரா, ஒரே பெயர். சுருக்கக் கட்டளை கொடுத்தாள். இம்முறை கணினி முனகவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

பதினெட்டு மெகாபைட்.

ஆளரவமற்ற வீட்டின் துண்டைத் திறந்து பார்த்தாள். சன்னல் கரைந்து, மங்கி, மற்றச் சன்னல்களைப்போல ஒரு சாம்பல் கட்டமாய் இருந்தது. உள்ளங்கைகள் இல்லை. அங்கே எதுவுமே இல்லை. போய்விட்டன. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு சமையலறையில் தனியே ஒலிப்பதைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டியது. அனுப்பினாள். நீலக் கோடு மெல்ல நகரத் தொடங்கியது. இருபது விழுக்காடு.

முதலில் வந்தது வாடை. ஈரக் கம்பளியும், கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசியும், பல ஆண்டுப் புகையேறிய மரமும் கலந்த வாடை. பழைய இடத்தில், கரையோரத்தில், வீடு நின்றபோது இருந்த வாடை அது. நாற்பது விழுக்காடு. மாடிப்படியில் கால்கள் இறங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்காமல், வரிசையாக. பசித்தாலும் ஒழுங்கு கற்ற பிள்ளைகளைப்போல. நொல்பெர்த்தோ சொல்லிச் சிரித்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

ஐம்பத்தைந்து.

சுவரோரத்துப் பெஞ்சு தரையை உராய்ந்து நகர்ந்தது. மற்றொன்றும் நகர்ந்தது.

அவள் திரும்பவில்லை. திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பின்கழுத்தில் குளிர் பட்டது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே. மேசையின் இரு ஓரங்களிலும் மெல்லிய அழுத்தம். பலகை சற்று இறங்கியது. முழங்கைகள் ஊன்றியதுபோல. பிறகு அமைதி. காத்திருக்கும் அமைதி.

எண்பது.

தொண்ணூறு.

நூறு. அனுப்பப்பட்டது. பக்கம் திறந்தது, படம் தானாகவே ஓடியது. எருதுகள். கயிறுகள். கூட்டம். வாசலில் கை ஊன்றிய அவள். முற்றத்திலிருந்து வீடு. எல்லாம் கட்டம் கட்டமாய்ச் சிதைந்திருந்தன. சன்னல் மட்டும் தெளிவாய் இருந்தது. சன்னலுக்குள் ஒளி. ஒளியில் மேசை. மேசையின் முன், திரையைப் பார்த்தபடி, அவள். அவளைச் சுற்றி இடம் விடாமல் மற்றவர்கள்.

கண்ணை இமைக்க முயன்றாள். இமைக்கவில்லை. விரலை நகர்த்த எண்ணினாள். விரல் முன்பிருந்த இடத்திலேயே இருந்தது.

அசையாததைப் புதிதாக வரைவதில்லை.

அப்போது, திரைக்கு மேலே, மெய்யான சன்னலுக்கு வெளியே, முற்றத்து மழையில் ஓர் உருவம் வந்து நின்றது. மிர்த்தா. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கையில் துணி மூடிய தட்டு. சன்னலை நேராகப் பார்த்தாள். இருட்டை மட்டும் பார்ப்பவள்போல் கண்களைச் சுருக்கினாள். சன்னலை ஒட்டிய வாசலுக்கு நகர்ந்தாள். ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றினாள்.

வாய் திறந்தது.

மழை கேட்டது. காற்று கேட்டது. அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. மிர்த்தாவின் குரல் கேட்கவில்லை. வாய் மூடியது, மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். பதினொரு விநாடி. மூன்று முறை. ஓர் ஒலியும் இல்லை.

மிர்த்தா தட்டைப் படியில் வைத்தாள். திரும்பினாள். சரிவில் இறங்கினாள்.

மேசையைச் சுற்றி யாரோ ஒருவர் கரண்டியைக் கையில் எடுத்தார்.

தரைக்கு அடியில் உருளை மரம் ஒன்று புரண்டது. வீடு ஒருமுறை குலுங்கி, மெல்லக் கிளம்பியது. மணி அப்போது மாலை ஐந்து நாற்பத்திரண்டு.